சுறாவுக்கு ஏது தொப்புள்?

அந்தச் சுறாவுக்குத் தொப்புள் இருந்தது.

தீனா கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். சந்தேகமே இல்லை, தொப்புள்தான். நண்டுமேட்டுக்குப்பத்து மீன் ஏலக்கூடம். நடுவில் பலகை போட்டு, பட்டுத்துணி விரித்து, சாமந்தி மாலை சாத்தி நிறுத்தி வைத்திருந்த, பலகைபோலத் தட்டையான கருங்கல் சுறா. சுற்றிலும் ஊரே கைகட்டி நின்றுகொண்டிருந்தது. சிரிக்கக் கூடாத இடம். அதனாலேயே தீனாவுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டது.

"இன்னாடா பல்லக் காட்ற?"

கேட்டவள் சின்னப்பொண்ணு. அந்த ஊரில் மீன் ஏலம் விடுகிறவள். அவள் குரல் எழுந்தால் காக்கா கூட மீனைப் போட்டுவிட்டுப் பறந்துவிடும்.

"இல்லக்கா, சுறாவுக்குத் தொப்புள் கீதே, அதான்..."

"ஏன், இருந்தா இன்னா? முட்டையா போடுது அது? குட்டி போடுற சுறாடா. குட்டிக்குத் தொப்புள் இருக்கத்தான் செய்யும். முட்டுக்காட்டுக்காரன் நீ, இதுகூட தெரியாம இன்னாத்த வலை இழுத்த?"

அவள் சொன்னது உண்மைதான். சுறாக்குட்டியின் வயிற்றில் அந்தத் தழும்பைத் தீனாவே பார்த்திருக்கிறான். ஆனால் தழும்பு வேறு, இது வேறு. எலுமிச்சம்பழம் நுழைகிற அளவுக்கு அச்சுப்பிசகாத வட்ட ஓட்டை. அதைச் சிமெண்டு வைத்து அடைத்திருந்தார்கள்.

ஷீலா சிரிக்கவில்லை. சுறாவின் முதுகு விளிம்பில் கட்டைவிரல் நகத்தை மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தாள். மகாபலிபுரம் சாலையில் ஓடும் கார்களில் பாதிக்குமேல் ஒரு காலத்தில் அந்த நகத்தைத் தாண்டித்தான் போயிருக்கும். கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷம் தர ஆய்வாளர் வேலை. அதை விட்டுவிட்டுச் செங்கல்பட்டில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் நிறுவனம் திறந்து மூன்று வருஷம் ஆகிறது. துப்பாக்கி கிடையாது. ஒரு நகம், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு ஸ்கூட்டர், ஒரு தீனா. அவ்வளவுதான் ஆயுதம்.

"சின்னப்பொண்ணு அக்கா, இந்தச் சுறா உங்களுக்கு எப்படிக் கிடைச்சது?"

"கடல் குடுத்துச்சி."

"கடல் கருங்கல்லையா குடுக்கும்?"

"குடுத்துச்சின்னா குடுத்துச்சி. பதினோரு வருசமா படகுப் போட்டியில தோத்துகினு கீறோம். பாவம்னு குடுத்துச்சி. கரையோரம் கல்லுங்க நடுவுல கெடந்துச்சி, கழுவினோம், மாலை போட்டோம். வேற இன்னா தெரியணும் உனுக்கு?"

வேறு ஒன்றும் அவளிடமிருந்து பெயராது என்று ஷீலாவுக்குத் தெரிந்தது. கைப்பையிலிருந்து ஒரு துண்டு காகிதத்தை எடுத்துச் சுறாவின் விளிம்பில் வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தாள். பள்ளிக்கூடத்தில் காசைக் காகிதத்துக்கு அடியில் வைத்துத் தேய்ப்போமே, அதே வித்தைதான். காகிதத்தில் வரிவரியாகக் கோடுகள் எழுந்தன. மேலிருந்து கீழே இறங்கி, ஒரே பக்கமாகச் சாய்ந்து வளைந்த கோடுகள்.

வெளியே வந்தார்கள். கொடிகளில் மஞ்சள் தடவிய வாளைமீன் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது. தீனா மூக்கை ஆனந்தமாக உறிஞ்சினான்.

"மஞ்சள் தடவிக் காய வெக்கிறது இந்தக் கரையிலயே இந்த ஒரு ஊருதாங்கா. மத்தவங்க உப்போட வுட்டுடுவாங்க."

"வாயை மூடிகினு வண்டியை எடு."

வழக்கு இதுதான். பக்கத்து ஊரான பனையடிக்குப்பத்துப் பார்த்திபன்தான் படகுப் போட்டிக் கமிட்டித் தலைவர். போட்டிப் பரிசாகக் கருங்கல்லில் ஒரு சுறா வெட்டச் சொன்னார். உலகத்திலேயே ஒன்றுதான் இருக்க வேண்டும் என்பது அவர் நிபந்தனை. தண்ணீரைப் பீச்சிக் கல் வெட்டுகிற பட்டறை ஒன்று கருங்குழிக்கு முன்னால், ஜிஎஸ்டி சாலையை ஒட்டி இருக்கிறது. அங்கே நேரில் போய், வெட்டி முடிகிறவரை நின்று பார்த்தார். கம்ப்யூட்டரிலிருந்து அந்தப் படத்தையும் தன் கண்முன்னாலேயே அழிக்க வைத்துவிட்டுத்தான் கிளம்பினார். பத்தே நாள். வால் வளைவு முதல் மூக்கு நுனிவரை அதே அளவில் இன்னொரு சுறா நண்டுமேட்டில் மாலையும் கழுத்துமாக நின்றது.

பழி யார்மேல் விழும்? மெஷின் ஓட்டிய ஜோயல்மேல்தான் விழுந்தது. படத்தை ரகசியமாக வைத்துக்கொண்டு திருட்டுத்தனமாக இன்னொன்று வெட்டிக் கொடுத்துவிட்டான் என்று பார்த்திபன் குதித்தார். இன்று மாலை ஆறு மணிக்குப் போலீசில் புகார் என்று நாள் குறித்துவிட்டார். பட்டறை முதலாளி ஜோயலை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்.

வழக்கை ஷீலாவிடம் கொண்டுவந்தவள் ஜெபா. அவள் ஜோயலைக் கட்டிக்கொள்ளப் போகிறவள். இரண்டு ஞாயிறு சர்ச்சில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்தாயிற்று. நாளை மூன்றாவது, கடைசி ஓலை. "இந்த விவாகத்துக்கு ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம்" என்று போதகர் கேட்பார். வழக்கமாக யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நாளை ஒருவர் எழுந்து நிற்கப்போவதாக உறுதியாகச் சொல்லியிருந்தார். அவர் ஜெபாவைப் பெற்ற தகப்பன், சின்னையன்.

காலையில் கருங்குழியில் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது வாசலிலேயே கத்தித் தீர்த்துவிட்டார். "திருட்டுப்பயலுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன். சபை முன்னாடி எழுந்து நிப்பேன். பாத்துக்கினே இரு!" பக்கத்தில் அவருடைய குட்டியானை வண்டி நின்றிருந்தது. கோபத்துக்கு நடுவிலும் அதைத் தட்டிக்கொடுத்துப் பெருமை பேசினார். "இருபது வருசமா லோடு அடிக்கிறேன். என் வண்டி ஒருநாளும் காலியா திரும்பினது கெடையாது. உழைப்பு! அந்தப் பய மாதிரி குறுக்குவழி கெடையாது."

வீட்டுக்குள் கருவாட்டு வாசனை தூக்கியடித்தது. மூலையில் இரண்டு சாக்கு. "கடலே இல்லாத ஊர்ல இன்னா நைனா இவ்ளோ கருவாடு?" என்று தீனா கேட்டான். சொந்தக்காரர்கள் கொடுத்தது என்றார். கடலோரம் அவருக்கு ஏது சொந்தம் என்று யாரும் கேட்கவில்லை.

பனையடிக்குப்பத்தில் பார்த்திபன் சலவைச் சட்டையும் சந்தனமுமாக இருந்தார். அவருடைய சுறா கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டியிருந்தது. திறக்க வைப்பதற்குள் ஷீலாவுக்கு நாக்கு வறண்டுவிட்டது. விளிம்பில் நகம் வழுக்கிக்கொண்டு போயிற்று. கண்ணாடி மாதிரி வழவழப்பு. அடிவிளிம்புக்குக் கிட்டே மட்டும் லேசான வரிகள். முதுகில் அதே இடத்தில் அதையும் காகிதத்தில் தேய்த்து எடுத்துக்கொண்டாள்.

"வெட்டும்போது கூடவே இருந்தீங்களா?"

"ஒரு நிமிசம் கண்ண எடுக்கல மேடம்."

"எதைப் பார்த்துகினு இருந்தீங்க?"

"மேல மூக்கு மாதிரி ஒண்ணு ஓடுச்சி. அதைத்தான்."

"கல்லுக்கு அடியில?"

பார்த்திபன் அவளை ஒருமாதிரி பார்த்தார். "அடியில இன்னா கீது, தண்ணிதான். குனிஞ்சா சட்டை நனையும்."

ஷீலாவின் உதட்டோரம் மெல்ல விரிந்தது. தீனாவுக்கு அந்தச் சிரிப்பு தெரியும். அக்கா ஒன்றைப் பிடித்துவிட்டாள், ஆனால் சொல்ல மாட்டாள். பேஜாரு.

பட்டறைக்குப் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. ஜெபா மடிக்கணினியோடு காத்திருந்தாள். பக்கத்தில் ஜோயல், தண்ணீரில் விழுந்து எழுந்த கோழிபோல நின்றான். முதலாளி கையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றார்.

இவர்களுடைய காதல் கதையைத் தீனா வழியெல்லாம் ஷீலா சொல்லக் கேட்டுச் சிரித்திருந்தான். ஜெபா பொறியியல் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி. மணல் கலந்த தண்ணீரைப் பீச்சி வெட்டினால் வெட்டுமுகம் எங்கே வழவழப்பாக இருக்கும், எங்கே சொரசொரப்பாகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வதுதான் அவள் ஆராய்ச்சி. அதற்கு அறுபத்துநாலு துண்டுகள் வெட்டிக் கொடுத்தவன் ஜோயல். பன்னிரண்டாவது துண்டில் பேச்சு ஆரம்பித்தது. நாற்பதாவது துண்டில் பிரியாணி வாங்கிக் கொடுத்தான். அறுபத்துநாலோடு ஆராய்ச்சி முடிந்துவிட்டது. அறுபத்தைந்தாவதாக இதய வடிவில் ஒன்று வெட்டி வந்து நின்றான்.

"வெட்டுமுகத்தைத் தடவிப் பாத்துப் பொண்ணு குடுக்கிற காலம் வந்துடுச்சி," என்றான் தீனா.

"சும்மா இருடா. ஜெபா, உன் கணக்கைச் சொல்லு."

ஜெபா மடிக்கணினியைத் திறந்தாள். "தண்ணி கல்லுக்குள்ள நுழையுறப்போ வேகம் ஜாஸ்தி, மேடம். அதனால மேல வழவழன்னு வெட்டும். கீழ போகப் போகச் சோர்ந்துடும். பின்னால வளையும், ஆடும். அப்போதான் கோடு கோடா வரி விழும். அழுத்தம், வேகம், மணல் அளவு இது மூணும் சொன்னா, கல்லுக்குள்ள எத்தனாவது மில்லிமீட்டர்ல எப்படி இருக்கும்னு இது வரைஞ்சு காட்டும். இதனால யாருக்கு இன்னா பிரயோஜனம்னு எங்க காலேஜ்ல கேட்டாங்க."

"இன்னிக்குச் சொல்லலாம். இந்தா."

இரண்டு காகிதத் துண்டுகளும் மேசைக்கு வந்தன. ஜோயல் அன்றைக்கு மெஷினில் வைத்த வேகத்தையும் அழுத்தத்தையும் சொன்னான். ஜெபா தட்டினாள். திரையில் மேலிருந்து கீழாக ஒரு படம் விரிந்தது. பனையடிச் சுறாவின் காகிதம் அதன் மேல்பாதியோடு அச்சாகப் பொருந்திற்று.

"நண்டுமேட்டுச் சுறா மட்டும் பொருந்தலயே," என்று ஜெபா முணுமுணுத்தாள். "எவ்ளோ அவசரமா வெட்டினாலும் முதல் ரெண்டு மூணு மில்லி வழவழன்னுதான் இருக்கணும். இதுல மேல்விளிம்புலயே வரி ஆரம்பிக்குது. ஆரம்பமே இல்லாத வெட்டு மேடம். இப்படி வரவே வராது."

"வரும். கீழ நகர்த்து."

ஜெபா இரண்டாவது காகிதத்தை முதல் காகிதத்துக்கு அடியில் நகர்த்தினாள். பனையடிச் சுறாவின் அடிவிளிம்பில் நின்றுபோன ஒவ்வொரு வரியும் நண்டுமேட்டுச் சுறாவின் மேல்விளிம்பில் தொடர்ந்து ஓடியது. ஒரு கோடுகூடத் தப்பவில்லை. திரையில் இருந்த படத்தின் கீழ்ப்பாதியும் அதேதான்.

"ஜெபா, உன் கணக்கு பாஸ்!" என்று தீனா விசிலடித்தான்.

ஆனால் ஜெபாவின் முகம் வெளிறிவிட்டது. "அப்படின்னா ரெண்டும் ஒரே வெட்டு. ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு, ஒரே நேரத்துல..." அவள் ஜோயலைத் திரும்பிப் பார்த்தாள். "மெஷின்ல நீதானே இருந்த?"

"நான் அப்பவே சொன்னேன்," என்றார் முதலாளி கதவோரத்திலிருந்து. "இவனேதான். அந்த ஆளு பாக்க பாக்கவே வெட்டிகீறான்!"

ஜோயல் அந்தக் காகிதங்களையே வெறித்தான். தன்னைக் காப்பாற்ற வந்த கணக்கே தன் கழுத்தைப் பிடித்துவிட்ட திகைப்பு. இந்தப் பையனைத் தீனாவுக்குப் பிடித்துப்போயிருந்தது. வழக்கில் தோற்பது அவனுக்குப் பழக்கம், ஆனால் இது தாங்காது.

"தீனா," என்றாள் ஷீலா. "காலையில எதுக்குச் சிரிச்ச?"

"தொப்புளுக்கு."

"இன்னொரு தடவை சிரி. இத்தனை துணிச்சலா, ஆளைப் பக்கத்துல வெச்சுகினே திருட்டுச் சுறா வெட்டுறவன், அதுக்கு ஓட்டைக் கல்லையா எடுப்பான்? அதுவும் அவ்ளோ அழகான வட்ட ஓட்டை. உங்க வூட்டுச் சமையல் மேடையில குழாய் மாட்ட ஓட்டை போட்டாங்களே, எவ்ளோ பெருசு?"

தீனா விரலை வளைத்துக் காட்டினான். எலுமிச்சம்பழ அளவு.

ஜோயல் தலையில் அடித்துக்கொண்டான். "அடிக்கல்லு! ஐயோ, அடிக்கல்லு மேடம்!"

"பொறுமையா சொல்லு."

"கல்லுக்கு அடியில எப்பவும் ஒரு வேஸ்ட்டுக் கல்லு போடுவேன். இல்லன்னா தண்ணி கீழ பட்டுத் தெறிச்சு, நல்ல கல்லோட அடிமுகத்துல புள்ளி புள்ளியா விழுந்துடும். அன்னிக்கு யாரோ வேணாம்னு வுட்டுட்டுப் போன கிச்சன் கல்லு கெடந்துச்சி, அதைப் போட்டேன். சாதாரணமா அதுல ஒரு கீறல்தான் விழும். ஆனா அவரு கண்ணாடி மாதிரி வேணும்னு கேட்டாரு, அதனால ரொம்ப மெதுவா ஓட்டினேன். மெதுவா ஓட்டினா..."

"மிச்ச வேகம் அடிக்கல்லையும் அறுத்துடும்," என்று முடித்தாள் ஜெபா. அவள் குரலில் உயிர் திரும்பிவிட்டது. "ஆனா ஜோயல், முழு சுறா ஒண்ணு கீழ கெடக்குது. அதைக்கூடவா பாக்கல?"

ஜோயல் காது சிவந்தான். "அவங்க சுறாவைத் தூக்கிகினு போறாங்க, அப்போதான் நீ போன் பண்ண. அப்பா சரின்னு சொல்லிட்டாருன்னு. அப்புறம் எனக்கு எதுவுமே தெரியல. அடிக்கல்லை யாரு தூக்கிப் பின்னால போட்டாங்கன்னுகூடத் தெரியல."

பின்பக்கம் போய்ப் பார்த்தார்கள். கழிவுக் கல் குவியல் இருக்க வேண்டிய இடம் துடைத்துவைத்ததுபோல் காலியாக இருந்தது. "யாரு வேணா அள்ளிகினு போவாங்க," என்று முதலாளி கையை விரித்தார்.

ஷீலா பார்த்திபனுக்குப் போன் போட்டாள். எல்லாம் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று சொன்னார். "கோடு, கணக்கு எல்லாம் சரி மேடம். அங்கேந்து நண்டுமேட்டுக்குக் கொண்டுபோனது யாரு? ஆளைக் காட்டுங்க, நம்புறேன். இல்லன்னா ஆறு மணி ஆறு மணிதான்."

மணி மூன்றரை. தீனாவுக்குப் பசியில் கண் இருட்டியது. ஜெபா மூன்று பேரையும் தன் வீட்டுக்கே சாப்பிட இழுத்துக்கொண்டு போனாள். ஜோயல் படியேறியதைப் பார்த்த சின்னையன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் வீட்டுக்கு வந்தவர்களுக்குச் சோறு போடாமல் இருக்க அவருக்கு மனசு வரவில்லை. தட்டில் சூடான சோறு விழுந்தது. அதன்மேல் குழம்பு. குழம்பில் ஒரு பெரிய துண்டு.

தீனா அதை எடுத்து வாயில் வைத்தான். மெல்லுவதை நிறுத்தினான். வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"நைனா," என்றான் மெதுவாக. "இது வாளைக் கருவாடு."

"ஆமா. அதுக்கு இன்னா இப்போ?"

"மஞ்சள் தடவுன வாளைக் கருவாடு. இந்தக் கரையில ஒரே ஊருலதான் இப்படிக் காய வெப்பாங்க. ரெண்டு சாக்கு கீது." தீனா தட்டைக் கீழே வைத்தான். அவன் குரலில் கேலி ஒரு சொட்டுகூட இல்லை. "உன் வண்டி காலியா திரும்பாதுன்னு சொன்னியே நைனா. நண்டுமேட்டுலேந்து திரும்பும்போது கருவாடு ஏத்தின. போகும்போது இன்னா ஏத்தின?"

சின்னையன் கையிலிருந்த கரண்டி குழம்புச் சட்டிக்குள் விழுந்தது.

ஷீலா முதல்முறையாகத் தன் உதவியாளனை மரியாதையோடு பார்த்தாள். தீனாவுக்கு அது தெரிந்தது. அந்த நிமிஷத்திலும் தெரிந்தது.

"மாப்பிள்ளையைப் பாக்கத்தான் பட்டறைக்குப் போனேன்," என்றார் சின்னையன் கடைசியில். தலை நிமிரவில்லை. "அவன் வேலை செய்யுறதைத் தூர நின்னு பாத்தேன். கருத்தா செஞ்சிகினு இருந்தான். மனசு நெறைஞ்சி போச்சி. அங்கேந்தே ஜெபாவுக்குப் போன் போட்டுச் சரின்னுட்டேன். திரும்புறப்போ வண்டி காலி. பின்னால கல்லு கெடந்துச்சி, அள்ளிப் போட்டேன். நண்டுமேட்டுல கரையோரம் போட கல்லு கேட்டிருந்தாங்க. கொட்டிட்டு, கருவாடு வாங்கிகினு வந்தேன். எல்லாம் சேறு, உள்ள சுறா கீதா திமிங்கிலம் கீதா, யாரு பாத்தா? அப்புறம்தான் மாலை போட்ட சுறா போட்டோ போன்ல வந்திச்சி. போலீசுன்னாங்க. நெஞ்சு அடைச்சிகிச்சி."

"அதனால ஜோயலைத் திருடன்னு கத்துனியா அப்பா?" ஜெபாவின் கண்களில் தண்ணீர் கொட்டியது. "சபை முன்னாடி எழுந்து நிப்பேன்னியே!"

"பயம்மா. அவனைத் திருடன்னு கத்துனா என்னை யாரும் பாக்க மாட்டாங்கன்னு ஒரு பயம். தப்புதான். பெரிய தப்பு."

ஜோயல் எழுந்தான். அடிக்கப் போகிறானோ என்று தீனாவுக்கு ஒரு கணம் பதறிற்று. ஜோயல் சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து மாமனார் முன்னால் வைத்தான். "குடிங்க மாமா. குடிச்சிட்டுப் பார்த்திபனுக்கு நீங்களே போன் போட்டுச் சொல்லிடுங்க. இன்னும் மணி ஆறு ஆகல."

சின்னையன் குடித்தார், போன் போட்டார். மறுமுனையில் பார்த்திபன் முதலில் சத்தம் போட்டார். அப்புறம் விழுந்து விழுந்து சிரிக்கிற ஓசை கேட்டது. தன் கண் முன்னாலேயே, தன் மூக்குக்குக் கீழேயே இரண்டாவது சுறா பிறந்திருக்கிறது என்பதை நினைத்து நினைத்துச் சிரித்தார். பார்த்திபன் சொல்லி விஷயம் தெரிந்ததும், ஐந்தேகாலுக்குச் சின்னப்பொண்ணு தீர்ப்பு சொல்லியனுப்பினாள். "மேல பொறந்தது அண்ணன், முதல் பரிசு. கீழ பொறந்தது தங்கச்சி, ரெண்டாம் பரிசு. போட்டியில பாத்துக்கலாம். கடல் குடுக்கலன்னா இன்னா, குட்டியானை குடுத்துச்சி!"

மறுநாள் காலை கோயிலில் போதகர் மூன்றாவது ஓலையை வாசித்தார். ஷீலா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தீனா பக்கத்தில் இஸ்திரி போட்ட சட்டையோடு விறைப்பாக இருந்தான்.

"இந்த விவாகத்துக்கு ஆட்சேபணை உள்ளவர்கள் இப்போது சொல்லலாம்."

முன்வரிசையில் சின்னையன் எழுந்து நின்றார்.

ஜெபாவின் கை ஜோயலின் கையை இறுக்கிப் பிடித்தது. போதகர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"என்ன ஆட்சேபணை?"

"பையன்மேல ஒண்ணும் இல்லங்கய்யா," என்றார் சின்னையன். "எழுந்து நிப்பேன்னு ஊர் பூரா சொல்லி வெச்சிட்டேன். அதான் நிக்கிறேன். திருடன்னு கத்துனதும் நான்தான், கல்லைத் தூக்கினதும் நான்தான். பையன் தங்கம். நீங்க மேல வாசிங்க."

சபை முழுக்கச் சிரிப்பு எழுந்து ஓடியது. அந்தச் சத்தத்துக்கு நடுவே தீனா கன்னத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அழறியா?" என்றாள் ஷீலா.

"இல்லக்கா. நேத்து கருவாட்டுல காரம் ஜாஸ்தி."